ஆயிரம் புத்தி வீட்டில் இரண்டு தாராக்கள்

எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று குடும்பப் பெயர்கள். அப்பா அருமைநாதன் கணபதிப்பிள்ளை. அம்மா மனோகரி தம்பிராசா. அண்ணன் மதிசுதன் அருமைநாதன். நான் டனிஸ்ரன் அருமைநாதன். மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த தபால்காரர் இது ஏதோ மாணவர் விடுதி என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்டால் "படிப்பெல்லாம் எப்படி?" என்று பிரெஞ்சில் விசாரிப்பார். அப்பாவும் "பரவாயில்லை" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வர இருந்தவள் அம்ருதா தஹிபாதே. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் வளர்ந்த மராத்திப் பெண். அண்ணன் வேலை செய்யும் விமான எஞ்சின் தொழிற்சாலையில்தான் அவளுக்கும் வேலை. மராத்தியில் தஹி என்றால் தயிர், பாத் என்றால் சோறு. பெண் வீட்டாரின் குடும்பப் பெயரே தயிர்சாதம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்ன அன்று அம்மா சற்று நேரம் யோசித்தார்.

"குளிர்மையான குடும்பமா இருக்கும்" என்றார்.

கல்லூரிப் பத்திரிகையில் நையாண்டிப் பக்கம் எழுதுகிறவன் என்பதால் இதற்குமேல் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒரு வாரம் மராத்திப் பெயர்களையே தோண்டினேன். எங்கள் ஆட்கள் ஒரு புது ஆளைக் கண்டால் மூன்றாம் நிமிடத்தில் "ஊரில எவடம்?" என்று கேட்பார்கள். மராத்திக்காரர் அந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரோடு 'கர்' என்று சேர்த்துக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அரண்மனையில் கடிதம் எழுதிய முப்பாட்டன் பெயரில் இன்றும் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். புலியைக் கொன்றவர், நரி, இரும்பு, எட்டுப் பிள்ளை பெற்றவர் என்று எல்லாமே குடும்பப் பெயர்கள். எட்டுப் பிள்ளை பெற்றவரின் வம்சத்தில் இப்போது ஒரு பிள்ளையோடு நிறுத்தியிருப்பார்கள். பெயர் மட்டும் பெருமையைக் கைவிடவில்லை.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் புனேயிலிருந்து ஆத்யா வந்து இறங்கும்வரை.

ஆத்யா என்றால் அத்தை. அம்ருதாவின் அப்பாவுக்கு மூத்த அக்கா. வைஜயந்தி சஹஸ்ரபுத்தே என்பது முழுப் பெயர். வங்கி அதிகாரியான கணவருக்குச் சென்னை மாற்றல் கிடைத்ததில் பதினோரு வருடம் மாம்பலத்தில் இருந்தவர். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். மராத்திக்காரரில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பது அப்பாவின் சகோதரிதான். தொட்டிலில் குனிந்து காதுக்குள் சொல்ல வேண்டும். அம்ருதா என்று சொன்னவர் இவர்தான். அம்ருதாவுக்கு நாலு வயதில் தாய் இறந்தபோது புனேயிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் தங்கிப் பிள்ளையைத் தேற்றிவிட்டுப் போனவரும் இவர்தான்.

மாப்பிள்ளை வீட்டின் தூதுவனாக என்னை லொங்குய்க்கு அனுப்பினார்கள். ஆத்யா சமையலறை மேசையில் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"உன் பேரு என்னப்பா?"

"டனிஸ்ரன், ஆத்யா."

"அர்த்தம்?"

"அர்த்தம் இல்ல. அம்மா எண்சாத்திரம் பார்த்து வச்சது. கூட்டுத்தொகை ஆறு."

ஆத்யா எழுதிக்கொண்டார். "குடும்பப் பேரு?"

"அது எங்களிட்ட இல்ல."

"இல்லேன்னா? வர வழியில தொலைச்சுட்டீங்களா?"

"அப்பாட பேரைத்தான் பின்னால போடுறது. அப்பாவுக்கு அவர்ட அப்பாட பேர்."

"அப்போ மூணு தலைமுறை போனா, இன்னாரோட வம்சம்னு ஒருத்தனுக்கும் தெரியாதே!"

"அதுதான் வசதி, ஆத்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். "சரி, எந்த ஊரு?"

"களுவாஞ்சிகுடி. மட்டக்களப்பில."

"களுவாஞ்சிகுடிகர்" என்று சொல்லிக்கொண்டே எழுதி அடிக்கோடு போட்டார். நூற்றாண்டுகளாக எங்கள் குடும்பத்துக்கு இல்லாதிருந்த ஒன்று நாலு விநாடியில் கிடைத்துவிட்டது. இதை அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னபோது, கண்ணாடி முன்னால் நின்று அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

பிறகுதான் ஆத்யா விஷயத்துக்கு வந்தார். தாலி கட்டியதும் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை தங்க மோதிரத்தால் அதில் பெண்ணுக்குப் புதுப் பெயர் ஒன்று எழுத வேண்டும். குடும்பப் பெயர் மாறும், நடுவில் இருக்கும் அப்பா பெயர் போய்க் கணவன் பெயர் வரும், அவளுடைய சொந்தப் பெயரும் மாறும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை புதுப் பெண்.

"கியூபெக் சட்டத்தில அது ஏலாது ஆத்யா. கலியாணம் கட்டினாலும் பிறந்த பேரோடதான் இருக்கோணும்."

"சட்டம் வந்து பந்தியில உட்கார்ந்து சாப்பிடுமா? கவர்மென்ட் என்ன வேணா கூப்பிடட்டும். வீட்டுல கூப்பிடறதுதான் பேரு. பையன் பேருக்கு ஜோடியா இருக்கணும். ராமன்னா ஜானகி மாதிரி. மதிசுதன்னா என்ன?"

"மதி சந்திரன். சுதன் மகன்."

"சந்திரனோட பையன் புதன். புதனோட பொண்டாட்டி இலா. முடிஞ்சுது. இலா! ரெண்டே எழுத்து, உங்கண்ணன் தப்பில்லாம எழுதிடுவான்."

நான் கைபேசியில் இலாவைத் தேடினேன். புராணப்படி இலா ஒரு மாதம் பெண்ணாகவும் அடுத்த மாதம் ஆணாகவும் வாழ்ந்தவர். அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். "எந்த மாசத்தில தொடங்கும்?" என்று பதில் வந்தது.

"வேற ஒண்டு பாப்பம் ஆத்யா. புதனுக்குத் தாய் சகோதரம் ஒருத்தரும் இல்லையா?"

"புதனோட அம்மா..." என்று தொடங்கியவர் பேனாவை மூடினார். "அந்தப் பேரு வேண்டாம்."

"என்ன பேர்?"

"தாரா."

"நல்ல பேர்தானே."

"நல்ல பேர்தான். பத்தொன்பது வருஷம் நான் வச்சிருந்தேன்."

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து ஆத்யா சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் குடும்பப் பேரு சஹஸ்ரபுத்தே. ஆயிரம் புத்தின்னு அர்த்தம். நான் அந்த வீட்டுக்குப் போனப்போ அவரோட அண்ணி பேரும் தாரா. ஒரு வீட்டுல ரெண்டு தாரா இருந்தா குழப்பம்னு மாமியார் சொன்னாங்க. அவரு தட்டுல வைஜயந்தின்னு எழுதிட்டாரு. ஆயிரம் புத்தி இருக்கற வீட்டுல ரெண்டு தாராவை ஞாபகம் வச்சுக்க முடியலை."

"மறுகா அந்தத் தாரா என்ன ஆனா?"

"ஆறே மாசத்துல அவங்களுக்கு நாக்பூர் மாத்தல். பேரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நீங்க உங்கட பேரைத் திருப்பி எடுத்திருக்கலாமே?"

"தோணலையே. நாற்பத்திரண்டு வருஷமாச்சு. பழகிடுச்சு." கொப்பியைத் திறந்து இலாவுக்கு ஒரு வட்டம் போட்டார். "அவளுக்கும் பழகிடும்."

வீட்டுக்கு வந்து அறிக்கை கொடுத்தேன். அம்மா உடனே விரல் மடித்துக் கூட்டினார். "இலா... அஞ்சு வருது. திறமான எண்." அம்மாவும் ஆத்யா பக்கம் போய்விட்டார். அவருக்குப் பெயர் மாற்றத்தில் ஆட்சேபமே கிடையாது, கூட்டுத்தொகை சரியாக இருந்தால்.

அம்ருதா என்னை லொங்குய் மெட்ரோவில் பிடித்தாள். அவள் தமிழ் முழுவதும் அண்ணனிடம் கற்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் களுவாஞ்சிகுடிச் சந்தியில் சைக்கிளோடு நிற்கும் ஒரு பெடியன் பேசுவதுபோல இருக்கும்.

"டனிஸ், உன்ட அண்ணன் தட்டில வேற பேர் எழுதினா நான் எழும்பிப் போயிருவன். விளையாட்டில்ல."

"ஆத்யாட்டச் சொல்லுங்களன் மச்சாள்."

"எப்பிடிச் சொல்லுற? அம்மா போன பிறகு நான் அழுது அழுது நித்திரை கொள்ளக்குள்ள அவதான் பக்கத்தில படுத்து என்ட பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பா. கதை இல்ல, பாட்டு இல்ல, வெறும் பேர். அம்ருதா, அம்ருதா எண்டு. அவவுக்கு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அந்தப் பேரையும் விட ஏலாது. அவ இல்லாம கலியாணமும் ஏலாது."

"அண்ணன் என்ன சொல்றான்?"

"நானும் வேணுமாம், ஆத்யாவும் வேணுமாம். சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போயிட்டான்."

அண்ணனின் குணம் அது. பயந்தால் யோசிக்க மாட்டான். பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்துவிடுவான். கல்யாண மேடையில் அவன் பக்கத்தில் நிற்கப்போகும் பெரியவர் ஆத்யா.

மட்டக்களப்பு முறையும் மராத்தி முறையும் கலந்து, லாசாலில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணம். மராத்திப் பக்கம் அறுபது பேர். எங்கள் பக்கம் முந்நூற்று நாற்பது. முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்டு புனேயில் படுத்திருந்த ஆத்யாவின் கணவர் கைபேசி வழியாகக் கலந்துகொண்டார். அந்தக் கைபேசியை உயர்த்திப் பிடிப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதனால் மேடையில் நடந்ததை எல்லாம் நான் இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

தாலி கட்டி முடிந்தது. அட்சதை போட்டார்கள். ஒட்டாவாவிலிருந்து வந்த மராத்திப் புரோகிதர் வெள்ளித் தட்டில் அரிசியைப் பரப்பி அண்ணன் கையில் மோதிரத்தைக் கொடுத்தார். ஆத்யா பின்னாலிருந்து குனிந்து, "ரெண்டே எழுத்து" என்றார்.

அண்ணனின் கை தட்டுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. அம்ருதா ஒரு காலை மெதுவாக மணையிலிருந்து கீழே இறக்கி வைத்தாள். அதை ஆத்யா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

அந்த இடத்தில் சீனித்தம்பி மாமா எழுந்தார்.

மாமா அம்மாவின் மூத்த அண்ணன். மொன்ட்ரியால்-நோரில் இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர். ஒவ்வொரு விஜயதசமிக்கும் ஏடு தொடக்குவது அவர்தான். அரிசித் தட்டின் முன் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார். இந்த நகரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேரின் சுட்டுவிரல் அவர் கைக்குள் போய் வந்ததுதான். மராத்தி வழக்கத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்டதெல்லாம் ஒரு தட்டு, பரப்பிய அரிசி, எழுதத் தெரியாமல் முழிக்கும் ஒரு பிள்ளை.

"கையைத் தா மனே" என்றார். அண்ணனுக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "பயப்பிடாத. சுழிச்சு, கீழ இறக்கி, இழு. சொல்லு, அ."

அண்ணனுக்கு வயது இருபத்தொன்பது. விமான எஞ்சினின் விசிறித் தகட்டில் தலைமுடி அளவு வெடிப்பைக் கண்டுபிடிக்கிறவன். "அ" என்றான்.

"ஆ."

"ஆ."

மூன்றாவது எழுத்துக்கு முன்வரிசைச் சிறுவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு மாமாவின் குரல் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். அவர்கள் சொல்ல, முன்பு அவரிடம் படித்து இப்போது தாடி வைத்திருக்கிறவர்களும் சொன்னார்கள். 'எ' வருவதற்குள் முந்நூற்று நாற்பது பேரும் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். 'ஒ' வரும்போது மராத்திப் பக்கமும் மரியாதைக்குச் சேர்ந்துவிட்டது. மேளக்காரர் இதற்கு என்ன வாசிப்பது என்று தெரியாமல் கெட்டிமேளம் வாசித்தார்.

ஆத்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்னடா எழுதறான்?"

"எழுத்து, ஆத்யா. அரிசித் தட்டைக் கண்டா நாங்க பள்ளிக்கூடம் தொடங்குறது."

"பேரு எப்போ வரும்?"

"உயிர் முடியப் போகுது. இன்னும் பதினெட்டு மெய் இருக்கு. மறுகா இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்."

ஆத்யாவின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வந்து மூக்குத்திவரை ஓடியது.

'ஃ' முடிந்ததும் மண்டபம் கை தட்டியது. மாமா அண்ணனின் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரன்" என்று ஆசீர்வதித்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டார். புரோகிதர் ஒன்றும் புரியாதவராய்த் தட்டைக் காட்டி, பெயரை எழுதச் சொன்னார்.

அண்ணன் அரிசியை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினான். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தான். திரும்பி மோதிரத்தை ஆத்யாவிடம் நீட்டினான்.

"பேர் வைக்கிறது ஆத்யாட வேலையாமே. முதல் பேர் வச்சதும் நீங்கதான். இதையும் நீங்களே எழுதுங்க."

நான் கைபேசியை மறந்து அண்ணனை முறைத்தேன். முட்டாளே, அவர் இலா என்று எழுதிவிடுவார். அம்ருதாவின் மற்றக் காலும் மணையிலிருந்து இறங்கியது.

ஆத்யா சேலையை ஒதுக்கிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். மோதிரத்தை விரல்களில் புரட்டிப் பார்த்தார். சிரித்த ஈரம் இன்னும் முகத்தில் இருந்தது. எழுதினார். இரண்டே எழுத்து, மராத்தி முறைப்படி மேலே ஒரு கோடு.

அம்ருதா எட்டிப் பார்த்தாள். "தாரா" என்று வாசித்தாள். "இதுதானா ஆத்யா... இதுதானா என்ட புதுப் பேர்?"

"உன் பேரு அம்ருதாடி. நான் உன் காதுல சொன்ன பேரு. அதை மாத்த இந்தப் பையன் யாரு?"

இந்தப் பையன் குனிந்து வேட்டியில் ஒட்டிய அரிசியைத் தட்டிக்கொண்டான்.

"இது என் பேரு" என்றார் ஆத்யா. "நாக்பூர் போயிருந்தது. தட்டை எதிர்ல வச்சதும் கை தானா எழுதிடுச்சு."

அம்ருதா இரண்டு காலையும் மணைமேல் எடுத்து வைத்துக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புகைப்படக்காரர் இதையும் சடங்கு என்று நினைத்து இன்னொரு தரம் செய்யச் சொன்னார்.

என் கையிலிருந்த கைபேசி கத்தியது. "வைஜயந்தி! வைஜயந்தி! என்ன நடக்கிறது? எனக்குக் கூரைதான் தெரிகிறது!" என்று மராத்தியில் கேட்டிருக்க வேண்டும். நான் கூரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். திருப்பித் தட்டைக் காட்டினேன். திரையில் அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். பிறகு, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்போல ஒரு குரல் வந்தது.

"தாரா?"

ஆத்யா திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் திரும்பினார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. என்னிடம் மெல்லத் தமிழில் சொன்னார்: "ஆயிரத்துல ஒண்ணு இப்பதான் வேலை செய்யுது."

அதற்குள் அம்மா மேடையேறிவிட்டார். "தள்ளு மனே, நானும் எழுதப் போறன்." இருபத்தாறு வருடமாக இந்த நகரம் அம்மாவை மதியின் அம்மா என்றும், வேலை செய்யும் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் மதாம் மனோ என்றும் அழைக்கிறது. அம்மா நிதானமாக மனோகரி என்று எழுதினார். கூட்டிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் மாமாவின் மனைவி கமலினி மாமி, மாமிக்குப் பின்னால் பச்சைச் சேலை கட்டிய ஒரு மராத்திப் பெண், பிறகு வரிசை வாசல்வரை போனது. ஒருவர் எழுதி, பார்த்து, தடவி அழித்துவிட்டு அடுத்தவரிடம் மோதிரத்தைக் கொடுத்தார்கள். மாமா பக்கத்தில் நின்று எல்லாருடைய கையெழுத்தையும் திருத்தினார், மராத்தி எழுத்து உட்பட. அப்பாவும் வரிசையில் நின்று களுவாஞ்சிகுடிகர் என்று எழுதப் பார்த்தார். தட்டு போதவில்லை.

கடைசியாக அம்ருதா அண்ணனின் சுட்டுவிரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, தன் பெயரை மராத்தி எழுத்தில் எழுதுவித்தாள். "பயப்பிடாத மனே" என்றாள், மாமாவின் அதே குரலில். அண்ணன் எழுதினான். கோணல்தான். மாமா அரை மதிப்பெண் குறைத்தார்.

மறுநாள் மத்தியானம் லொங்குய்யில் விருந்து. தட்டில் இருந்த அரிசியை வீணாக்கக் கூடாது என்று ஆத்யா கழுவி உலையில் போட்டு, தயிர் ஊற்றி, கடுகு தாளித்துக் கொண்டுவந்தார். தஹிபாதே வீட்டில் வேறு என்ன கொடுப்பார்கள்? வரிசையில் கடைசிக்கு முன்னதாக நானும் அந்த அரிசியில் டனிஸ்ரன் என்று எழுதியிருந்தேன். என் பெயருக்கு அர்த்தம் இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.